அசையாத ஐம்பத்தைந்து

மாமனாரிடம் கோபப்பட முடியாது என்பது மாப்பிள்ளையாக இருப்பதில் உள்ள பெரிய தொல்லை. வேறு எந்த முதலாளியாக இருந்தாலும், "என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, அவர் வாங்கிக் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, வேலையைப் பார்த்துக்கொண்டு போகலாம். மாமனார் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். அப்படிச் சிரித்துச் சிரித்து இந்த மாப்பிள்ளைக்கு ஒன்றரை மாதமாகத் தாடை வலிக்கிறது.

அவனுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மாமனாரின் குஞ்சு பொரிப்பகத்துக்குள் நுழையும்போது அது செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே அவன் வெறும் "மாப்பிள்ளை".

அவன் தொழில் கன்ட்ரோலருக்குப் புரோகிராம் எழுதுவது. கன்ட்ரோலர் என்பது ஒரு சோப்பு டப்பா அளவுப் பெட்டி. சூடு குறைந்தால் ஹீட்டரைப் போடு, ஈரம் குறைந்தால் தண்ணீரைத் தூவு, ஈரம் கூடினால் காற்றுக் கதவைத் திற என்று அதற்குப் புரியும்படி வரிவரியாக எழுதி வைத்தால், அது பாட்டுக்கு ராப்பகலாகப் பார்த்துக்கொள்ளும். மருந்துக் கிடங்கு, பெயின்ட் தொழிற்சாலை, ரொட்டித் தொழிற்சாலை என்று பதினான்கு வருஷமாக இதே வேலை. எழுதிய இடங்களில் எல்லாம் நல்ல பெயர். அந்த நல்ல பெயரோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

"அப்பா ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்லங்க. ரெண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து போய் தெர்மாமீட்டரைப் பார்க்கறாரு. ஊருக்கெல்லாம் மெஷின் வெச்சுக் கொடுக்கறீங்க, எங்கப்பாவுக்கு ஒண்ணு செய்யக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. உடனே சரி என்று தலையாட்டியதுதான் தப்பு. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அன்றைக்குத் தொடங்கியது.

மாமனாரின் இன்குபேட்டர், இரண்டு பீரோக்களை ஒட்டி வைத்தது போன்ற ஒரு மரப்பெட்டி. நாலாயிரம் முட்டை கொள்ளும். இருபத்தொரு நாள். முட்டையெல்லாம் ஒரே ஒரு பண்ணைக்காரம்மாவிடமிருந்து வருகிறது. குஞ்சுகளை அவரே எடுத்துக்கொள்வார். அவர் முட்டை கொடுத்தால்தான் மாமனாருக்குத் தொழில். கொடுக்காவிட்டால் பீரோவுக்குள் துணி அடுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இருபத்தாறு வருஷமாக அவர் அந்தப் பெட்டியை இரண்டு தெர்மாமீட்டரை வைத்தே ஓட்டினார். ஒன்று சாதாரணமானது. இன்னொன்றின் குமிழில் பஞ்சுத் திரியைச் சுற்றி, திரியின் வாலை ஒரு சின்னக் குப்பித் தண்ணீரில் விட்டிருப்பார். காற்று உலர்ந்திருந்தால் திரியின் ஈரம் வேகமாகக் காயும், குமிழ் குளிரும், எண் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பெட்டிக்குள் எவ்வளவு ஈரம் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். நாலாயிரம் முட்டைக்கு மூவாயிரத்து இருநூறு குஞ்சு, வருஷம் தவறாமல்.

இதையெல்லாம் கழற்றிவிட்டுத்தான் மாப்பிள்ளை, கன்ட்ரோலர் பொருத்திய தன் பேனலைப் பெட்டியின் வெளிப்புறம் மாட்டினான். சூட்டுக்கு ஒரு சென்சார். ஈரத்துக்கு இன்னொன்று, விரல் நீளத்தில், முனையில் சல்லடைத் தொப்பியோடு. வெளியே ஒரு சின்னத் திரை: மேலே சூடு, கீழே ஈரம். ஈரம் ஐம்பத்தைந்தில் இருக்க வேண்டும். "ஞாபகம் வெச்சுக்குங்க மாமா. அம்பத்தஞ்சு. அது போதும்."

"அம்பத்தஞ்சு" என்று மாமனார் பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டார்.

முதல்முறை ஓட்டிக் காட்டிய அன்று மாமனார் சும்மா இருக்கவில்லை. பண்ணைக்காரம்மாவை அழைத்திருந்தார். பக்கத்துத் தச்சுப்பட்டறைக்காரரை அழைத்திருந்தார். அவர்களோடு இன்னும் நாலைந்து பேர். "எங்க மாப்பிள்ளை செஞ்சது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் தூவும் குழாய் சென்சாருக்கு மிக அருகில் இருந்ததால், ஒவ்வொரு தூவலுக்கும் திரையில் எண் ஐம்பத்தைந்திலிருந்து எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் தாவியது. பண்ணைக்காரம்மா புருவத்தைத் தூக்கினார். மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்து, திரைக்கு மட்டும் ஒரு வரி போட்டான்: அறுபதுக்கு மேல் என்ன வந்தாலும் ஐம்பத்தைந்து என்று காட்டு. எண் அடங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் குழாயைத் தள்ளி வைத்தான், கோளாறு தீர்ந்தது. அதற்குள் ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள், ஓடினான்.

முதல் வரிசை முட்டையில் ஆயிரத்து எழுநூறு குஞ்சுதான் வந்தது. மீதி ஓட்டுக்குள்ளேயே சவ்வோடு ஒட்டிக்கொண்டு, பாதி கொத்திய நிலையில் செத்துக் கிடந்தன. ஈரம் போதாமல் காய்ந்துபோன முட்டைகள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. பண்ணைக்காரம்மா தட்டு தட்டாக நின்று பார்த்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "உங்களுக்காக இன்னொரு தடவை தர்றேன். இதே மாதிரி ஆச்சுன்னா நான் வேற இடம் பார்த்துக்கறேன். தப்பா நெனைக்காதீங்க" என்றார். மாமனார் தலையை ஆட்டினார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க மாப்பிள்ளை" என்று ஆறுதல் வேறு சொன்னார். அவர் நாலு திட்டுத் திட்டியிருந்தால் அன்று சோறாவது இறங்கியிருக்கும்.

கன்ட்ரோலர் தன் நினைவில் சேர்த்து வைத்திருந்த கணக்கை மாப்பிள்ளை லேப்டாப்பில் இறக்கிப் பார்த்தான். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஈரம் தொண்ணூற்றேழு என்று சென்சார் சொல்லியிருக்கிறது. ஒரு மணி நேரம் அல்ல, நாள் முழுக்க. தொண்ணூற்றேழு என்றால் உள்ளே மழை பெய்ய வேண்டும். பாவம் கன்ட்ரோலர், சென்சார் சொன்னதை நம்பித் தூவலை நிறுத்தி, காற்றுக் கதவை அகலத் திறந்து வைத்து, நாலாயிரம் முட்டையையும் வற்றலாகக் காயவைத்திருக்கிறது.

சென்சார் கெட்டது என்று முடிவு கட்டிப் புதியது போட்டான். இரண்டாவது வரிசை முட்டையை அடுக்கினார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் மறுபடி தொண்ணூற்றேழு.

அதற்குப் பிறகு அவன் செய்யாதது ஒன்றும் பாக்கியில்லை. கேபிளை மாற்றினான். விசிறி மோட்டாரின் தொந்தரவாக இருக்குமோ என்று கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டான். எர்த் தனியாக அடித்தான். மூன்றாவது சென்சார் வாங்கினான். விற்றவன், "சார், நீங்க அதை ஏதாவது தண்ணிக்குள்ள முக்கறீங்களா?" என்று கேட்டான். அவனோடு போனிலேயே சண்டை.

எரிச்சலின் உச்சம் என்னவென்றால், அவன் அங்கே இருக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. தினமும் வேலை முடிந்து நாலு மணிக்கு வருவான். வந்தவுடன் முப்பத்தெட்டு, நாற்பது என்று காட்டும். கையோடு கொண்டு வந்த மீட்டரை வைத்துப் பார்த்தால் அதுவும் அதையே சொல்லும். தூவல் தொடங்கும், எண் படிப்படியாக ஏறி ஐம்பத்தைந்துக்கு வரும், தொட்டுக்கொண்டு நிற்கும். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் பல்வலி காணாமல் போகுமே, அந்த மாதிரி. கேட் தாண்டி அவன் வண்டி போன பத்தாவது நிமிஷம் தொண்ணூற்றேழு.

இதற்கு நடுவில் மாமனாரின் உபசாரம். மூன்று மணிக்கே போன் வந்துவிடும். "மாப்பிள்ளை, கிளம்பிட்டீங்களா? பார்த்து வாங்க, அவசரமில்ல." வந்தால் டீ, பிஸ்கட், விசிறிக்கு நேராக நாற்காலி. அவர் அப்போதுதான் எதையோ முடித்தவர் போல மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத் திட்டு இருக்கும். பேனா கசிகிறது போல என்று நினைத்துக்கொள்வான். போகும்போது கேட் வரை வந்து, வண்டி திரும்பும் வரை நின்று கையசைப்பார்.

அவன் இல்லாத நேரத்தில் திரையில் என்ன தெரிகிறது என்று அறிய, காலையில் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டுக் கேட்பான்.

"மாமா, ஈரம் எவ்வளவு காட்டுது?"

"அம்பத்தஞ்சு மாப்பிள்ளை. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அம்சமா இருக்கு."

மாலையில் கணக்கை இறக்கிப் பார்த்தால், அதே காலை பத்தே கால் மணிக்குத் தொண்ணூற்றேழு.

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. எட்டு நாள். முட்டை அடுக்கிய பதினோராம் நாள் அவனுக்கு ஒன்று புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தான். மாமனார் பொய் சொல்கிறார். மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது என்று மரியாதைக்காகப் பொய் சொல்கிறார். மெஷின் தாறுமாறாக ஓடினாலும் "அம்சமா இருக்கு" என்று சொல்லித் தொலைக்கிறார். முட்டை காய்கிறது, தொழில் போகிறது, மனிதர் மரியாதை பார்த்துக்கொண்டிருக்கிறார்!

அன்று வீட்டில் மனைவியிடம் கொட்டித் தீர்த்துவிட்டான்.

"உங்கப்பா பொய் சொல்றாரு. கூசாம சொல்றாரு. அதை வெச்சுக்கிட்டு நான் என்ன புரோகிராம் எழுதறது?"

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு."

"கணக்கு இருக்கு, பாரு. பத்தேகாலுக்குத் தொண்ணூத்தேழு. அதே பத்தேகாலுக்கு அவர் சொன்னது அம்பத்தஞ்சு. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கறாரு."

"நம்ம கல்யாணம் பேசும்போது உங்கப்பாகிட்ட, 'பொண்ணுக்குக் கோபம் அதிகம், யோசிச்சுச் சொல்லுங்க'ன்னு சொன்ன மனுஷங்க அவரு. அதுக்கே பொய் சொல்லாதவர் உங்க டப்பாவுக்கா சொல்லுவாரு?"

"அப்போ டப்பா பொய் சொல்லுதா?"

லேப்டாப்பில் இருந்த தொண்ணூற்றேழுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வாடியதை அவன் பார்க்கத்தான் செய்தான். ஆனாலும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் மாலை, வழக்கம்போல எண் ஐம்பத்தைந்துக்கு வந்து நின்றதும், ஒன்றும் செய்யத் தோன்றாமல் லேப்டாப்பை மூடினான். இனி சென்சாரைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரத்தை வைத்துத் தண்ணீர் தூவ வேண்டியதுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்குச் சமம். பதினான்கு வருஷ அனுபவத்துக்கு வந்த கதி. மாமனாரிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அவர் கேட்டில் நின்று கையசைத்தார்.

முக்குத் திரும்பி நாலு நிமிஷம் போன பிறகுதான் கண்ணாடியை மறந்துவிட்டது தெரிந்தது. அது இல்லாமல் எழுத்து தெரியாது, நாளைக் காலை வேலை ஓடாது. தன்னையே திட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினான். முன் கேட்டில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தான்.

இன்குபேட்டரின் கதவு திறந்திருந்தது. மாமனார் ஒரு முட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். வாயில் ஒரு நூல். இடது கையில் மருந்துக் குப்பி அளவுக்கு ஒரு சின்னக் குப்பி, நிறையத் தண்ணீர். வலது கையால் அவனுடைய மூன்றாவது சென்சாருக்கு, புதிதாகப் பிறந்த குழந்தைக்குத் துணி சுற்றுவது போல, வெள்ளைப் பஞ்சுத் திரியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா."

மாமனார் திடுக்கிட்டுத் திரும்பினார். குப்பித் தண்ணீர் பாதி அவர் சட்டையில் சிந்தியது.

"என்ன மாமா பண்றீங்க?"

அவர் நூலை வாயிலிருந்து எடுத்தார். திருடும்போது பிடிபட்டவரின் முகம். "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. சும்மா... நீங்க ஏன் திரும்பி வந்தீங்க? ஏதாவது விட்டுட்டீங்களா?"

"அது என்ன?"

"திரி" என்றார் மெல்ல. "போட மறந்துட்டீங்க. முதல் நாளே கவனிச்சேன். முட்டை அடுக்கின அன்னிக்கு சாயங்காலம் நாப்பத்திநாலு காட்டுச்சு. என்னடான்னு உள்ள பார்த்தா, மொட்டையா இருக்கு. திரியில்லாம அதுக்கு ஈரம் எப்படித் தெரியும்? பெரிய வேலை பார்க்கறவங்களுக்கு இந்த மாதிரி சின்னது விட்டுப்போறது சகஜந்தான். சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும். அதான் என் பழைய தெர்மாமீட்டர்ல இருந்த திரியை எடுத்து நானே கட்டிட்டேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்துடுவேன். நீங்க பார்த்தா வருத்தப்படுவீங்களேன்னுதான்."

மூன்று மணி போன். மூச்சு வாங்கல். ஈரச் சட்டைப் பை. ஒவ்வொன்றாக மாப்பிள்ளையின் மண்டையில் வந்து விழுந்தது. ஒன்றரை மாதச் சிரிப்பும் பல்லிடுக்கில் இருந்து கழன்றது.

"அறிவு இருக்கா மாமா உங்களுக்கு?"

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. விசிறிச் சத்தத்தையும் மீறி அவன் குரல் தகரக் கூரையில் முட்டித் திரும்பியது.

"அதுக்குத் திரியே கிடையாது! அது தெர்மாமீட்டர் இல்ல, சென்சார்! காத்துல இருக்கற ஈரத்தை அதுவே பார்க்கும்! நீங்க ஈரத் துணியைச் சுத்தி அதோட கண்ணைக் கட்டி வெச்சிருக்கீங்க! சுத்தியும் தண்ணின்னு அது நெனைச்சுக்கிட்டு எல்லாத் தூவலையும் நிறுத்திடுச்சு! ரெண்டு சென்சார் வாங்கினேன், கேபிள் மாத்தினேன், எர்த் அடிச்சேன், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மாமனார் பெட்டியிலிருந்து இறங்கினார். கையிலிருந்த திரியைப் பார்த்தார். "அப்போ அந்தக் குஞ்சுங்க செத்தது..."

"திரியாலதான்."

"என் கையாலயா?" அவர் குரல் உள்ளே போய்விட்டது. "தெரியாது மாப்பிள்ளை. சத்தியமா தெரியாது. தப்புதான்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கோபம் எங்கே நிறுத்துகிறது?

"அது தெரியாம செஞ்சது, விடுங்க. போன்ல பொய் சொன்னீங்களே, அது? தினம் கேட்டேனே, என்ன காட்டுதுன்னு? தொண்ணூத்தேழைப் பார்த்துக்கிட்டு அம்பத்தஞ்சுன்னு சொன்னீங்களே! அதுவும் எனக்குச் சங்கடமா இருக்கும்னா?"

மாமனார் நிமிர்ந்தார். இவ்வளவு நேரம் குனிந்திருந்த தலை அது. "நான் பொய் சொல்லல."

"மாமா, கணக்கு இருக்கு."

"திரி கட்டினது தப்பு. ஒத்துக்கறேன். நாலு பேர் முன்னாடி சொல்லுங்க, அங்கயும் ஒத்துக்கறேன். பொய் மட்டும் சொல்லல. அம்பத்தஞ்சுதான் காட்டுச்சு. திரியை எடுத்தா நாப்பதுக்கு இறங்கும், கட்டினா அம்பத்தஞ்சு வரும். நீங்க சொல்லிக் கொடுத்த நம்பர். அதனாலதானே திரி சரின்னு நெனைச்சேன்?"

"காட்டுங்க, பார்க்கலாம்" என்றான் மாப்பிள்ளை. விட்டுப்போன கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பையிலிருந்த லேப்டாப்பைத் திறந்து பேனலில் செருகினான். மாமனார் மறுபடி பெட்டி மேல் ஏறித் திரியைச் சுற்றி, நூலால் கட்டி, வாலைக் குப்பியில் விட்டு, கதவைச் சாத்தினார். முடிச்சு சரியாகவே விழுந்தது.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். லேப்டாப்பில் எண் ஏறியது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. பேனல் திரையிலும் அதே போல ஏறியது. அறுபத்தொன்று என்று லேப்டாப் காட்டியபோது திரை ஐம்பத்தைந்துக்குத் தாவியது. எழுபது, ஐம்பத்தைந்து. எண்பத்து மூன்று, ஐம்பத்தைந்து. தொண்ணூற்றேழு. ஐம்பத்தைந்து, ஆணி அடித்த மாதிரி.

"பார்த்தீங்களா?" என்றார் மாமனார். அவர் குரலில் வெற்றியெல்லாம் இல்லை, அழுகைதான் இருந்தது.

மாப்பிள்ளைக்கு உடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் புரோகிராமைத் திறந்து தேடினான். பதினான்காவது வரி. அறுபதுக்கு மேல் என்ன வந்தாலும் ஐம்பத்தைந்து. பக்கத்தில் குறிப்பு வேறு, அவனே எழுதியது: "இன்றைக்கு மட்டும். நாளை எடுக்க வேண்டும்."

கவிழ்ந்த முட்டைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டான். சென்சாரைச் சந்தேகப்பட்டான், கேபிளை, மோட்டாரை, விற்றவனை, கடைசியில் மாமனாரை. தான் எழுதிய வரியை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவனுக்கு மற்றவர்கள் முதுகு மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

"மாமா, இது நான் போட்டது" என்றான். "அன்னிக்கு எல்லாரும் வந்திருந்தாங்கல்ல, எண் குதிச்சுதே. அசிங்கமா இருக்கேன்னு அடக்கி வெச்சேன். அப்புறம் எடுக்க மறந்துட்டேன். இந்த வரி இல்லேன்னா நீங்க திரி கட்டின அன்னிக்கே தொண்ணூத்தேழு தெரிஞ்சிருக்கும். நீங்களே எனக்குப் போன் பண்ணியிருப்பீங்க."

மாமனார் அதை மெதுவாக மனசுக்குள் வாங்கிக்கொண்டார். "அப்போ நான் பொய் சொல்லல."

"இல்ல மாமா."

"நேத்து பாப்பா போன் பண்ணினா." அவர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "'அப்பா, அவர்கிட்ட பொய் சொல்றீங்களா'ன்னு கேட்டா. முப்பத்திமூணு வருஷத்துல அவ என்கிட்ட அப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல. இல்லம்மான்னு சொன்னேன். சரிப்பான்னு வெச்சுட்டா. அவ நம்பலை. குரல்லயே தெரிஞ்சுது."

மாப்பிள்ளைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"குஞ்சுங்க போனதுகூட பரவாயில்ல மாப்பிள்ளை. இதை நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."

அங்கேயே, அவர் முன்னாலேயே, மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னான். ஒன்றையும் மழுப்பவில்லை. "அப்பாகிட்ட கொடுங்க" என்றாள். மாமனார் போனை வாங்கிக்கொண்டு முட்டை அலமாரிக்குப் பின்னால் போனார். என்ன பேசினார்கள் என்று அவன் கேட்கவில்லை. பதினான்காவது வரியை அழித்தான். அழித்த பிறகும் அங்கேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு எட்டு நாள் இருந்தது. ஒரு தட்டு முட்டையை எடை போட்டுப் பார்த்தார்கள். அந்த நாளில் நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைந்திருக்க வேண்டிய எடை, பத்தரை குறைந்திருந்தது. போன ஈரத்தை முட்டைக்குள் திரும்ப ஊற்ற முடியாது; மீதி இருப்பதையாவது போகாமல் காக்கலாம். மாப்பிள்ளை ஈரத்தை எழுபதுக்கு ஏற்றி, காற்றுக் கதவை ஒடுக்கி எழுதினான். மாமனார் தினமும் அதே தட்டை எடை போட்டு எண்ணைப் போனில் படித்தார். இரண்டு பேரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கத்தியவனுக்கும் வெட்கம், கட்டியவருக்கும் வெட்கம்.

இருபத்தொன்றாம் நாள் காலை பண்ணைக்காரம்மா வந்தார். கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. போன தடவை இந்த அளவு சத்தமில்லை. தட்டு தட்டாக எடுத்து எண்ணினார்கள். இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது. பழைய எண்ணிக்கைக்கு நானூற்றுச் சொச்சம் குறைவு. மாமனார் பண்ணைக்காரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்ல" என்றார் அவர். "ஆனா போன தடவை என்னதான் ஆச்சு? அதைச் சொல்லாம அடுத்த முட்டை வராது."

"என் தப்புங்க" என்றார் மாமனார் உடனே. "மாப்பிள்ளை மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் விவரம் தெரியாம அதுல திரியைக் கட்டிட்டேன்."

அவ்வளவோடு விட்டுவிட்டார். மீதியைச் சொல்லும் உத்தேசம் அவருக்கு இல்லை என்பது மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. சும்மா இருந்தால் போதும். பதினான்கு வருஷ நல்ல பெயர் பத்திரமாக இருக்கும்.

"அது பாதிதாங்க" என்றான். "மீதி என் தப்பு." முதல் நாள் எண் குதித்தது, பண்ணைக்காரம்மா புருவத்தைத் தூக்கியது, தான் போட்ட வரி, மறந்தது, மாமனாரைப் பொய்யர் என்று சொன்னது வரை சொன்னான்.

பண்ணைக்காரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதாவது, இவர் மனசு நோகக் கூடாதுன்னு அவர் மறைச்சாரு. நான் ஏதாவது நெனைச்சுப்பேன்னு இவர் மறைச்சாரு. ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கொடுத்துக்கிட்டு என் முட்டையை வத்தல் போட்டுட்டீங்க."

மாமனார் காலித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார், மாப்பிள்ளை அவருக்கு எடுத்துக் கொடுத்தான்.

"உங்க பழைய தெர்மாமீட்டர் எங்க?" என்று மாமனாரைக் கேட்டார்.

"அலமாரியில வெச்சுட்டேங்க. புது மெஷின் வந்தப்புறம் அதையும் வெச்சிருந்தா மாப்பிள்ளைக்கு மரியாதையா இருக்காதுன்னு..."

"முதல்ல அதை எடுத்து மாட்டுங்க. திரியோட. மெஷின் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். ரெண்டும் ஒண்ணா சொன்னா சரி. வேற வேறயா சொன்னா யார்கிட்டயும் மரியாதை பார்க்காம உடனே கத்துங்க. வெள்ளிக்கிழமை முட்டை அனுப்பறேன்."

அவர் போன பிறகு மாமனார் தெர்மாமீட்டரை எடுத்து வந்தார். மாப்பிள்ளை முட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அவர் ஏறும்போது ஆடாமல் பிடித்துக்கொண்டான். திரி இந்தத் தடவை இருக்க வேண்டிய இடத்தில் ஏறியது.

அடுத்த வரிசையின் நாலாம் நாள், காலை பத்தே காலுக்கு மாப்பிள்ளை ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டான். பழக்கம் விடவில்லை.

"மாமா, ஈரம் எவ்வளவு காட்டுது?"

"மெஷின்ல அறுபத்திமூணு. என் தெர்மாமீட்டரும் அதைத்தான் சொல்லுது. பத்து நிமிஷமா அங்கயே நிக்குது, இறங்கல. நல்லா இல்ல மாப்பிள்ளை."

ஒன்பது வருஷத்தில் மாமனார் வாயிலிருந்து "நல்லா இல்ல" என்ற வார்த்தையை அவன் கேட்டதில்லை. அவன் சமைத்த சாம்பல் நிறக் குழம்பைக்கூட அம்சம் என்று சொல்லிச் சாப்பிட்டவர் அவர்.

"நீங்க ஏதாவது செஞ்சீங்களா மாமா?"

"ஒண்ணையும் தொடல. கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். காத்துக் கதவு பாதியில சிக்கிக்கிட்டு நிக்குது, நீங்க மாட்டின கம்பி வளைஞ்சிருக்கு. நாலு மணிக்கெல்லாம் வராதீங்க. இப்பவே கிளம்புங்க."

"டீ வேணாம் மாமா, வந்துடறேன்."

"டீயெல்லாம் போடல" என்று சொல்லிவிட்டு மாமனார் போனை வைத்தார்.